பதினொன்றாம் வகுப்பு வேதியியல் பாடநூல்: முதல் அலகு எப்படி இருக்கிறது?

தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டில் அறிமுகமான பதினொன்றாம் வகுப்பு வேதியியல் பாடநூலின் முதல் அலகு, அடிப்படைக் கருத்துகளையும் வேதிக் கணக்கீடுகளையும் பற்றியது. மாணவர்கள் பலர் இந்தப் பாடத்தைக் கண்டு அஞ்சத் தொடங்குவது இங்கேதான் என்பதால், நூலின் மற்ற அலகுகளைவிட இதைக் கூடுதல் கவனத்துடன் படித்தேன்.

அணு, மூலக்கூறு போன்ற துகள்களை எண்ணிக்கையால் அளக்கும் மோலை முதலில் நிறுத்தி, அதன்மீது கணக்கீடுகளைக் கட்டியிருக்கும் வரிசை பாராட்டத்தக்கது. வினைக்கட்டுப்பாட்டுக் காரணியை, அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்திவிடும் பொருளை, இந்த வரிசையில் வந்தால்தான் விளங்கிக்கொள்ள முடியும். 4 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும் வினைபுரிந்து நீர் உருவாகிறது என்று கொடுத்தால், எடை குறைந்த ஹைட்ரஜன்தான் முதலில் தீரும் என்றே பெரும்பாலான மாணவர்கள் எழுதுவார்கள். மோலாக மாற்றிப் பார்த்தால், ஹைட்ரஜன் 2 மோல், ஆக்சிஜன் அரை மோல்தான். ஒரு மோல் ஆக்சிஜனுக்கு இரண்டு மோல் ஹைட்ரஜன் போதும் என்பதால் ஆக்சிஜன் தீர்ந்து, 18 கிராம் நீர் உருவாகி, 2 கிராம் ஹைட்ரஜன் மிஞ்சுகிறது. கிராமை அப்படியே ஒப்பிடக் கூடாது என்பது மனத்தில் பதிய இத்தகைய கணக்குகள் நிறைய வேண்டும். இப்பகுதிக்கு இன்னும் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கலாம் என்பது என் கருத்து.

சமான நிறையும் (வினையில் ஒரு மோல் எலக்ட்ரானை ஏற்கும் அல்லது தரும் பொருளின் நிறை) ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைகளும் (எலக்ட்ரான்கள் கைமாறும் வினைகள்) இதே அலகில் சேர்ந்திருப்பதால், ஆண்டின் தொடக்கத்திலேயே சுமை கூடிவிடுகிறது. இருப்பினும் இரண்டும் அருகருகே இருப்பதில் ஒரு நன்மை உண்டு. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மூலக்கூறு நிறை 158. அமில ஊடகத்தில் மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் 7-இலிருந்து 2-ஆகக் குறைவதால் 158-ஐ 5-ஆல் வகுத்து 31.6 என்று சமான நிறையைக் காண்கிறோம். நடுநிலை ஊடகத்தில் வகுக்கும் எண் 3 ஆகிவிடுகிறது. இந்தக் காரணம் புரிந்த மாணவருக்குச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் தேவையே இல்லை.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கார்பன்-12 அணுவின் 12 கிராமை அடிப்படையாகக் கொண்ட மோலின் பழைய வரையறை 2019 மே 20 முதல் மாற்றப்பட்டு, 6.02214076 × 10²³ என்ற எண்ணே வரையறையாகிவிட்டது. கையிலுள்ள பதிப்பில் எது இருக்கிறது என்று பார்த்து, பழையது இருந்தால் வகுப்பில் எடுத்துச் சொல்ல வேண்டும். பள்ளிக் கணக்குகளின் விடைகள் இதனால் மாறப்போவதில்லை.

தனியார் வழிகாட்டி நூலை வாங்குவதற்கு முன், இந்த அலகிலுள்ள எடுத்துக்காட்டுகளை விடையை மறைத்துக்கொண்டு தாமே செய்து பார்க்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.