லேக் ஃபோர்க்கில் என் தூண்டில் வருடங்கள்: இன்னும் போகலாமா?

டாலஸ் பக்கம் குடிவந்து தூண்டில் வாங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஃபோர்க் இன்னும் பழைய மாதிரி இருக்கா?" என்பதுதான். 2009 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு ஏழெட்டு தடவையாவது போய் வருகிறேன். மீன் இருக்கிறது, ஆனால் பழைய இடத்தில் இல்லை.

தெரியாதவர்களுக்கு: டாலஸுக்குக் கிழக்கே ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் இருக்கும் நீர்த்தேக்கம் இது, சுமார் 27,000 ஏக்கர். 1980ல் அணையை மூடியபோது உள்ளே இருந்த மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். தண்ணீர் நிரம்பும் முன்பே அங்கிருந்த குட்டைகளில் பாஸ் என்ற வேட்டை மீனின் புளோரிடா வகைக் குஞ்சுகளையும் விட்டு வளர்த்தார்கள். பலன்? 1986ல் 17.67 பவுண்டு, 1992 ஜனவரியில் 18.18 பவுண்டு, அதாவது எட்டே கால் கிலோவுக்கு ஒரே மீன். டெக்சாஸின் பெரிய வாய் பாஸ் சாதனை இன்றுவரை அதுதான்.

நான் போன முதல் இரண்டு வருடம் சுகமான வருடங்கள். கரையோரம் ஹைட்ரில்லா பாசி பாய் விரித்த மாதிரி கிடக்கும். விடியற்காலையில் ரப்பர் தவளையை அதன் மேல் எறிந்து, இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு இழுப்பு. பாசி ஓரிடத்தில் லேசாக மேலே எழும்பும், அடுத்த நொடி தவளை இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கும். ஊரில் விராலுக்குத் தவளை போட்டவர்களுக்கு இது புதிதே இல்லை, முட்டையையும் குஞ்சையும் அப்பன் மீன் காவல் காப்பது உட்பட எல்லாம் அதே குணம். கடித்ததும் அவசரப்பட்டு ராடைத் தூக்கினால் வெறும் தவளைதான் திரும்பி வரும். அதை நான் பத்து தடவையாவது செய்திருக்கிறேன்.

அப்புறம் 2011 வறட்சி. ஏரி வற்றி, நான் வழக்கமாக நிற்கும் ஓடை முகத்துவாரம் வெடித்த சேறாகிவிட்டது. அந்த வருடம்தான் முழுகிக் கிடந்த ஒரு மரக்கட்டையில் அடித்து என் புரொப்பல்லர் போனது, தப்பு முழுக்க என்னுடையதுதான், படகுப்பாதைக் குறியைத் தாண்டி நேர்வழியில் போகப் பார்த்தேன். இங்கே படகு ஓட்டுகிறவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள்: தண்ணீர் இறங்க இறங்க, மேலே தெரியாத கட்டைதான் ஆபத்து. 2015 மே மழையில் ஏரி நிரம்பியது, ஆனால் என் ஓடைக்குப் பழைய பாசி திரும்பவில்லை. இப்போது ஜெயன்ட் சால்வினியா என்ற மிதக்கும் களை வேறு தலைவலி. படகை வெளியே எடுத்ததும் டிரெய்லரில் ஒட்டியிருப்பதை வழித்துப் போட்டு, தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், சட்டமும் அதுதான்.

அதைவிடப் பெரிய மாற்றம் படகின் முன்பக்கத்துத் திரை. மீன் நீந்துவதை நேரலையாகக் காட்டும் சோனார் வந்த பிறகு, கரையைத் தடவிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் நடு ஏரியில் மொட்டை மரங்களுக்கு நடுவே போய் நிற்கிறார்கள். 2020 நவம்பரில் இங்கே நடந்த பாஸ்மாஸ்டர் எலைட் என்ற தொழில்முறைத் தூண்டில் போட்டியில் பேட்ரிக் வால்டர்ஸ் நாலே நாளில் 20 மீன், 104 பவுண்டு 12 அவுன்ஸ் பிடித்து ஜெயித்தது இந்த வகையில்தான். நியாயமா என்று கேட்டால், ஒரு நாள் நண்பர் படகில் அந்தத் திரையைப் பார்த்தேன், என் இரைக்குப் பின்னாலேயே ஒரு மீன் பத்தடி வந்து, முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. இத்தனை வருடமும் மீனே இல்லை என்று நான் சபித்துவிட்டு வந்த இடங்களில் எத்தனை இப்படிப் போயிருக்கும்! நான் இன்னும் வாங்கவில்லை. விலை ஒரு காரணம், பிடிவாதம் இன்னொரு காரணம்.

கூட்டமும் ஏறிவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு சனிக்கிழமை காலை ஐந்தரைக்கே படகு இறக்குமிடத்தில் வரிசை. புதன், வியாழனில் லீவு போட முடிந்தால் போடுங்கள். மார்ச்சில் போனால் கரைப்பக்கத்து ஆழமற்ற தண்ணீரிலேயே பார்க்கலாம், முட்டையிட வருகிற மீனுக்கு சோனார் தேவையில்லை. ஆகஸ்டில் என்றால் ஆழத்தில் பிளாஸ்டிக் புழுதான், பொறுமை இல்லாதவர்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

மாறாத ஒன்று அளவுச் சட்டம்: 16 அங்குலத்துக்கு மேல், 24 அங்குலத்துக்குக் கீழ் இருக்கும் பாஸைத் திரும்ப விட வேண்டும். 24ம் அதற்கு மேலும் இருந்தால் ஒரு நாளைக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். சமைக்க நினைத்துப் போகிறவர்களுக்கு எரிச்சல்தான், ஆனால் இங்கே பெரிய மீன் மிஞ்சியிருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

போன மார்ச்சில் ஐந்து மணி நேரத்துக்கு ஒரே ஒரு கடி. அளவுப் பலகையில் வாயை மூடி வைத்து, வாலைச் சேர்த்துப் பிடித்து மூன்று தடவை அளந்தேன். இருபத்து மூன்றரை. படம் எடுக்கப் போனைத் தேடுவதற்குள் கையை நழுவிப் போய்விட்டது.