கிலோவாட், கே.வி.ஏ., ஹெச்.பி., டன்: எதை எதால் பெருக்குவது?

மோட்டாரின் நேம் பிளேட்டில் 5 ஹெச்.பி. (குதிரைத்திறன்) என்று இருக்கிறது. ஜெனரேட்டரில் 5 கே.வி.ஏ. (கிலோவோல்ட்-ஆம்பியர், அதாவது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கிய அளவு) என்று இருக்கிறது. ஐந்துக்கு ஐந்து பொருந்திவிட்டது என்று இணைப்பவரை விடுங்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்ன செய்வார்? 5 × 746 = 3,730 வாட், ஜெனரேட்டரோ 5,000, தாராளமாகப் போதும் என்பார். பெருக்கலில் பிழையே இல்லை. ஆனாலும் ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் முனகும், பிரேக்கர் விழும்.

மின்திறன் அலகுகளை மாற்றும்போது நாம் ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கிறோம். வாட்டைக் கிலோவாட்டாக்குவது வெறும் கணக்கு. அந்த எண் எந்த இயந்திரத்துக்கும் மாறாது. ஹெச்.பி.யிலிருந்து கே.வி.ஏ.வுக்குப் போவதோ கணக்கு வேடம் போட்ட கேள்வி. நடுவில் இயந்திரத்தைப் பற்றிய ஒன்றிரண்டு தகவல்கள் ஒளிந்திருக்கும். அவற்றைக் கேட்காமல் பெருக்கினாலும் ஒரு விடை வந்துவிடும், அதுதான் ஆபத்து. கீழே உள்ள அலகுகளை இந்த ஒரு அளவுகோலில்தான் ஒப்பிடப் போகிறேன்: எது தன் தகவலை வெளியே சொல்கிறது, எது மறைக்கிறது?

வாட்: எல்லோரும் வந்து சேரும் சந்திப்பு

ஒரு நொடிக்கு ஒரு ஜூல். அவ்வளவுதான் வாட். நீராவி இயந்திரத்தை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட்டின் பெயரை இதற்கு வைக்கலாம் என்று 1882-இல் முன்மொழிந்தவர் வில்லியம் சீமன்ஸ். வெப்பமோ ஒளியோ சுழற்சியோ, திறன் எந்த வடிவில் இருந்தாலும் வாட்டில் சொல்லிவிடலாம். ஆகவே எந்த அலகைப் பார்த்தாலும் முதலில் வாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு மற்றதை யோசிப்பதே என் வழக்கம்.

குறை என்று சொன்னால் முன்னொட்டுதான். மில்லிவாட்டுக்கும் மெகாவாட்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு இருக்கிறது. சர்வதேசக் குறியீட்டில் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும். தமிழில் அந்த வசதி இல்லை. 'மெ.வா.', 'மி.வா.' என்று சுருக்கினால் ஒரு கொம்பு பிசகினாலே போதும். முழுதாக எழுதிவிடுவது நல்லது.

ஹெச்.பி.: ஒரு பெயர், பல குதிரைகள்

நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை என்று ஜேம்ஸ் வாட் வகுத்த குதிரைத்திறன் இன்றைய கணக்கில் 745.7 வாட். மின்மோட்டார்களுக்கு அதையே 746 என்று முழுமையாக்கிக்கொண்டார்கள். ஐரோப்பாவில் பிறந்த மெட்ரிக் குதிரைத்திறனோ 735.5 வாட். முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மறந்துவிடலாம். மூன்றாவது, 100 ஹெச்.பி. இயந்திரத்தில் ஒரு கிலோவாட் அளவுக்கு விலகும். கொதிகலன்களுக்கு என்று தனியாக ஒரு குதிரைத்திறன் உண்டு, அது ஏறத்தாழ 9,810 வாட். பெயரை மட்டும் நம்பி மாற்றினால் பதின்மூன்று மடங்கு தவறிவிடும்.

ஆனால் 735-ஆ 746-ஆ என்று மல்லுக்கட்டுபவர்கள் பெரிய விஷயத்தைக் கோட்டைவிடுகிறார்கள். மோட்டாரின் நேம் பிளேட்டில் உள்ள ஹெச்.பி., தண்டிலிருந்து வெளியே கிடைக்கும் திறன். வயர் வழியாக உள்ளே போவது அதைவிட அதிகம், ஏனென்றால் ஒரு பகுதி சூடாகிக் கரைகிறது. செயல்திறன் 85 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் நம் 5 ஹெச்.பி. மோட்டார் இழுப்பது 3,730 ÷ 0.85, அதாவது 4,388 வாட். வோல்ட்-ஆம்பியரில் எத்தனை பங்கு வாட்டாகிறது என்பதே திறன் காரணி (பவர் ஃபேக்டர் என்றால்தான் பலருக்குப் புரியும்). அது 0.8 என்றால் அதாலும் வகுக்க வேண்டும்: 5,485 வோல்ட்-ஆம்பியர். ஐந்து கே.வி.ஏ. ஜெனரேட்டர் இங்கேயே தோற்றுவிட்டது. நேரடியாக ஸ்டார்ட் செய்யும்போது சில நொடிகளுக்கு ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் பாய்வதை இன்னும் நாம் தொடவே இல்லை.

கிலோவாட்டா, கே.வி.ஏ.வா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். மாறுதிசை மின்சாரத்தில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கினால் கிலோவாட்டும் கே.வி.ஏ.வும் ஒன்றே. ஹீட்டரில் அப்படித்தான், 2 கிலோவாட் ஹீட்டர் 2 கே.வி.ஏ. இழுக்கும். மோட்டாரில் மின்னோட்டம் சற்றுப் பின்தங்கி வருகிறது. அதன் ஒரு பங்கு, சுருளில் காந்தப்புலத்தை எழுப்பிவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடும். வேலை எதுவும் நடக்காது. ஆனால் வயருக்கு அது தெரியாது. எத்தனை ஆம்பியர் ஓடியதோ அத்தனைக்கும் அது சூடாகும்.

அதனால்தான் டிரான்ஸ்ஃபார்மரின் தகட்டில் கிலோவாட்டைப் பார்க்க முடியாது. அதன் சுருளில் ஏற்படும் இழப்பு மின்னோட்டத்தையும், இரும்பில் ஏற்படும் இழப்பு மின்னழுத்தத்தையும் பொறுத்தவை. மறுமுனையில் ஹீட்டர் இருக்கிறதா மோட்டார் இருக்கிறதா என்பது செய்பவருக்குத் தெரியாது. ஆகவே கே.வி.ஏ. என்று போடுவதே நேர்மை. டீசல் ஜெனரேட்டர்களில் 0.8 திறன் காரணி என்பது எழுதாத ஒப்பந்தம் போல ஆகிவிட்டது, 10 கே.வி.ஏ. என்றால் 8 கிலோவாட்.

சின்ன யு.பி.எஸ். வாங்கும்போதுதான் நான் இதில் அடிபட்டேன். பெட்டியில் '1000' என்று கொட்டை எழுத்து. 800 வாட் சுமையை மாட்டினேன், உடனே அலறியது. பின்பக்கம் பொடி எழுத்தில் 600 வாட் என்று போட்டிருந்தது. 1,000 வோல்ட்-ஆம்பியரும் 600 வாட்டும் இரண்டு தனித்தனி வரம்புகள். இரண்டில் எதையும் தாண்டக் கூடாது. ஒன்றிலிருந்து மற்றதை நாமே கணக்கிட்டுக்கொள்ளாமல் இரண்டையும் படித்துத் தெரிந்துகொள்வதே பாதுகாப்பு.

இன்னொரு இடறல்: கே.வி.ஏ.க்களை நேராகக் கூட்ட முடியாது. நம் மோட்டாரோடு 3 கிலோவாட் ஹீட்டரையும் சேர்த்தால் 5.49 + 3 = 8.49 என்று தோன்றும். சரியான வழி, வாட்டை வாட்டோடு கூட்டுவது (7.39), திரும்பிப் போகும் பங்கைத் தனியாக வைப்பது (3.29), இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுப்பது. விடை 8.09. நேராகக் கூட்டினால் எண் கூடுதலாகத்தான் வரும், குறையாது. ஆகவே அவசரத்துக்கு அப்படிச் செய்பவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கே.வி.ஏ.வை ஆம்பியராக்கும்போது மும்முனை இணைப்பில் மூன்றின் வர்க்கமூலமான 1.732 வந்து நிற்கும். 5,485 வோல்ட்-ஆம்பியரை 400 வோல்ட்டால் மட்டும் வகுத்தால் 13.7 ஆம்பியர், 1.732-ஆலும் வகுத்தால் 7.9. இரண்டாவதுதான் ஒவ்வொரு வயரிலும் ஓடுவது.

டன்: எதிர்ப்பக்கம் ஏமாற்றும் அலகு

ஏ.சி.யின் டன், 2,000 பவுண்டு பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்திலிருந்து வந்தது. மணிக்கு 12,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் பிரிட்டிஷ் அலகு), அதாவது 3,517 வாட். இந்த எண் எங்கேயும் மாறாது. 1.5 டன் என்றால் 5.3 கிலோவாட். இதைப் பார்த்து மீட்டர் ஓட்டத்தை நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அது அறையிலிருந்து வெளியே தள்ளப்படும் வெப்பம், சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரம் வேறு. ஒரு வாட் மின்சாரத்துக்கு மூன்றரை வாட் வெப்பத்தை வெளியேற்றும் கருவியாக இருந்தால் இழுப்பது 1.5 கிலோவாட்தான்.

ஹெச்.பி.யையும் டன்னையும் அருகருகே வைத்தால் வேடிக்கையாக இருக்கும். இரண்டுமே கருவி வெளியே தருவதைச் சொல்கின்றன. ஹெச்.பி.யை நேராக வாட்டாக்கினால் உண்மையில் இழுப்பதைவிடக் குறைவாக வரும், டன்னை ஆக்கினால் அதிகமாக வரும். ஒன்றில் மெல்லிய வயர் போட்டு எரிப்போம், மற்றதில் தேவையில்லாத தடிமனுக்குச் செலவழிப்போம்.

பந்தியில் இடம் இல்லாத விருந்தாளி

கிலோவாட்-மணி திறனே இல்லை, ஆற்றல். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் வந்து உட்கார்ந்துவிடும். 'மணிக்கு இத்தனை கிலோமீட்டர்' என்று சொல்லிப் பழகிய நாக்கு 'மணிக்கு இத்தனை கிலோவாட்' என்றும் சொல்லிவிடுகிறது. இங்கே வகுத்தல் கிடையாது, பெருக்கல்தான். 1 கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிலோவாட்-மணி, 36 லட்சம் ஜூல். பவர் பேங்கில் எழுதியிருக்கும் மில்லிஆம்பியர்-மணியும் திறன் இல்லை, அதை வோல்ட்டால் பெருக்கினால்தான் ஆற்றல் வரும். 10,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, 37 வாட்-மணி. 5 வோல்ட்டில் வெளியே வரும்போது இழப்பே இல்லை என்றாலும் 7,400தான்.

ரேடியோ சிக்னலின் திறனைச் சொல்லும் டெசிபெல்-மில்லிவாட்டைப் பற்றி ஒரு வரி. அங்கே 0 என்பது ஒரு மில்லிவாட், 30 என்பது ஒரு வாட், பத்துப் பத்தாக ஏறினால் பத்து மடங்கு. 20-உம் 20-உம் சேர்ந்தால் 40 ஆகாது, 23 ஆகும்.

இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளில் எதை நம்புவது என்று கேட்டால் நான் பார்ப்பது ஒன்றைத்தான். கே.வி.ஏ.வைக் கிலோவாட்டாக்கச் சொல்லும்போது அது திறன் காரணிக்கு இன்னொரு கட்டம் காட்டுகிறதா? காட்டாமல் விடையைத் துப்பினால் 1 என்றோ 0.8 என்றோ தானாக வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 10 என்று கொடுத்துப் பாருங்கள், 8 வந்தால் ஜெனரேட்டர்காரர் எழுதியது.