ஸ்நோ லெப்பர்ட் மேக்கில் ஷெல்ஷாக் பேட்ச்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

இன்னும் ஸ்நோ லெப்பர்டா (ஆப்பிளின் பழைய மேக் இயங்குதளம்) என்று கேட்பவர்களுக்கு: பவர்பிசி காலத்துப் பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒன்று என்னிடம் இருக்கிறது. பவர்பிசி என்ற பழைய சிப்புக்கான மென்பொருளை இன்டெல் மேக்கில் ஓட வைக்கும் ரோசெட்டா இல்லாமல் அது திறக்காது. அடுத்த பதிப்பான லயன் வந்தபோதே ரோசெட்டாவை எடுத்துவிட்டார்கள். அதனால் இந்த மேக்மினி அப்படியே தொடர்கிறது.

2014 செப்டம்பர் 24 அன்று பாஷில் இருந்த ஷெல்ஷாக் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. டெர்மினலில் தரும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்தான் பாஷ். சூழல் மாறியில் (நிரல் தொடங்கும்போது அதற்குக் கூடவே போகும் தகவல்) ஒரு ஃபங்ஷன் இருந்தால் பாஷ் தொடங்கும்போதே அதைப் படிக்கும். ஃபங்ஷன் முடிந்த இடத்தில் நிற்காமல், அதன் வாலில் ஒட்டியிருக்கும் கட்டளையையும் சேர்த்தே இயக்கிவிடும். 1989-லிருந்து இப்படியே இருந்திருக்கிறது! ஆப்பிள் செப்டம்பர் 29 அன்று லயன், மவுண்டன் லயன், மேவரிக்ஸ் மூன்றுக்கும் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) கொடுத்தது. ஸ்நோ லெப்பர்டுக்கு ஒன்றும் வரவில்லை.

யாரோ கம்பைல் செய்து (மூல நிரலை ஓடக்கூடிய நிரலாக மாற்றி) வைத்த பாஷை எடுத்துப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ரூட் (முழு நிர்வாகி) அனுமதியோடு ஓடப்போகிற ஷெல் அது. ஆப்பிள் வெளியிட்டிருந்த பாஷ் மூல நிரலில் பாஷை உருவாக்கும் குனு திட்டத்தின் பேட்ச்களைச் சேர்த்து ஆப்பிளின் எக்ஸ்கோட் கருவியில் நானே கம்பைல் செய்தேன். முதலில் வந்த பேட்ச் முழுமையானதல்ல. இரண்டே நாளில் அடுத்தது வந்தது, அப்புறமும் வந்துகொண்டே இருந்தது. 3.2.57 வரை போட்டால்தான் அந்த வரிசை முடியும். ஸ்நோ லெப்பர்டோடு வந்தது 3.2.48.

கம்பைல் செய்வது பெரிய விஷயமில்லை. மாற்றிப் போடும்போதுதான் கவனம் வேண்டும். பலர் பாஷை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஸ்நோ லெப்பர்டில் எஸ்எச் என்ற ஷெல்லும் பாஷ்தான், ஆனால் தனிக் கோப்பு. சிஸ்டம் ஸ்கிரிப்டுகள் பெரும்பாலும் அழைப்பது அதைத்தான். அதையும் மாற்ற வேண்டும். அது கெட்டால் அவசரத்துக்குப் பயன்படும் சிங்கிள் யூசர் மோடும் போச்சு, இன்ஸ்டால் டிவிடியைத் தேட வேண்டியதுதான்.

அதனால் தொடங்கும் முன்பே இன்னொரு டெர்மினல் ஜன்னலில் டிசிஎஸ்எச் என்ற வேறொரு ஷெல்லை ரூட்டாகத் திறந்து வைத்தேன். பாஷுக்கு என்ன ஆனாலும் அந்த ஜன்னல் உயிரோடு இருக்கும். புதிய ஷெல்கள் இரண்டையும் கம்பைல் செய்த ஃபோல்டரிலிருந்தே ஓட்டிப் பார்த்து, சரி என்று தெரிந்த பிறகுதான் உரிய இடத்தில் வைத்தேன். பழைய இரண்டையும் அழிக்கவில்லை. பெயரை மாற்றி, இயக்க அனுமதியை எடுத்துவிட்டேன். இதை விட்டுவிட்டால் ஓட்டையுள்ள ஷெல் வேறு பெயரில் அங்கேயே ஓடத் தயாராக இருக்கும்.

இத்தனை வருடத்தில் ஒரு ஸ்கிரிப்டும் முரண்டு பிடிக்கவில்லை. டிஸ்க் யுட்டிலிட்டியில் பர்மிஷன் ரிப்பேர் ஓட்டியும் புதிய ஷெல்கள் அப்படியே நிற்கின்றன. கவனிக்க வேண்டியது பேக்கப் எடுக்கும் டைம் மெஷினைத்தான். பேட்சுக்கு முந்தைய பேக்கப்பிலிருந்து முழு சிஸ்டத்தையும் மீட்டால் பழைய பாஷும் கூடவே வந்துவிடும். ஹார்டு டிஸ்க் மாற்றியபோது இதே பயத்தில் மீட்டவுடன் பதிப்பு எண்ணைப் பார்த்தேன். பேக்கப் பிந்தையது, 3.2.57 என்றே காட்டியது.

உண்மையைச் சொன்னால், வெப் ஷேரிங்கையும் ரிமோட் லாகினையும் அணைத்து வைத்திருக்கும் வீட்டு மேக்குக்கு ஷெல்ஷாக்கால் வரும் ஆபத்து குறைவு. அப்பாச்சி வெப் சர்வரில் சிஜிஐ ஸ்கிரிப்ட் (வெளியிலிருந்து வரும் வேண்டுகோளுக்குப் பதில் தயாரிக்கும் நிரல்) ஓட்டுபவர்களுக்குத்தான் இது தலைபோகிற பிரச்சினை. என்னுடையதில் இரண்டும் அணைந்தே இருக்கின்றன. பிரவுசரையும் அதில் திறப்பதில்லை. பழைய பிரவுசரில் உள்ள ஓட்டைகளை அடைக்க என்னால் ஆகாது.