டங்க் அடிக்க உயரத் தாவுதல்: எடைப் பயிற்சியா, பிளையோமெட்ரிக் பயிற்சியா?

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பந்தை ஒரு கையால் மேலிருந்து உள்ளே திணிக்க, அதாவது டங்க் அடிக்க, விரல் நுனி அதையும் தாண்டி ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் மேலே செல்ல வேண்டும். ஆகவே, நின்றபடி கையைத் தூக்கினால் 230 சென்டிமீட்டர் எட்டும் ஒருவர் 90 சென்டிமீட்டர் தாவியாக வேண்டும், இது எளிய இலக்கு அன்று. ஆயினும் ஏறத்தாழ 170 சென்டிமீட்டர் உயரமே உடைய ஸ்பட் வெப் 1986இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.யின் டங்க் போட்டியை வென்றிருக்கிறார்.

தாவும் உயரத்தை முடிவு செய்வது, கால் தரையை விட்டுப் பிரியும் கணத்தில் உடலுக்கு இருக்கும் வேகம். அந்த வேகத்தைக் கூட்ட இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன. ஸ்குவாட் (பளுவைச் சுமந்து குந்தி எழுதல்), டெட்லிஃப்ட் (தரையிலுள்ள பளுவைத் தூக்கி நிமிர்தல்) போன்ற எடைப் பயிற்சிகள் கால்கள் தரையை உந்தும் மொத்த விசையைப் பெருக்குகின்றன. ஆனால் தசை தன் முழு விசையை எட்ட 0.3 விநாடிக்கும் கூடுதலாகப் பிடிக்கும்போது, ஓடிவந்து ஒற்றைக் காலில் எழும்பும் வீரரின் பாதம் அதற்குள் தரையை விட்டுப் போயிருக்கும். இந்த இடைவெளியை நிரப்புவதற்கே பிளையோமெட்ரிக் பயிற்சி பயன்படுகிறது. சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி வளர்த்தெடுத்த முறையில், வீரர் ஒரு பெட்டியிலிருந்து இறங்கித் தரையைத் தொட்டவுடன் மேலெழும்ப வேண்டும். இறங்கும்போது நீளும் தசையும் தசைநாணும் சேமித்த ஆற்றலை உடனே திருப்பித் தருகின்றன. தரையில் தங்கும் நேரம் நீண்டால் அந்த ஆற்றல் வீணாகிவிடும் என்பதால், பெட்டியின் உயரத்தைவிட எழும்பும் விரைவே இங்கு முக்கியம்.

இதன் விலை முழங்காலில் தெரியும். சிமென்ட் தளத்தில் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் துள்ளுபவர்களுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணில் வலி தொடங்குவது வெகு இயல்பு. எனவே இரண்டு கடினமான அமர்வுகளுக்கு இடையே குறைந்தது 48 மணி நேரம் ஓய்வு தேவை. எடைப் பயிற்சியில் சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்ட முடிகிறது என்பதே அதன் பெரிய அனுகூலம். பவர் கிளீன் (பளுவைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தோள்வரை தூக்குதல்) போன்ற பளுதூக்கும் அசைவுகள் இரண்டின் பயனையும் ஓரளவு தருமென்றாலும், நேரில் திருத்தும் பயிற்சியாளர் இல்லாதவருக்கு அவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எதைத் தேர்வது என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பாதி குந்திய நிலையில் மூன்று விநாடி அசையாமல் நின்று தாவுங்கள். பிறகு சட்டெனத் தாழ்ந்து உடனே தாவுங்கள். இரண்டு உயரங்களும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தால், உங்களிடம் குறைவது துள்ளல் திறன், ஆகவே பிளையோமெட்ரிக் பயிற்சிக்கு முதலிடம் கொடுக்கலாம். ஆனால் தன் உடல் எடைக்கு நிகரான பளுவுடன்கூட ஒழுங்காக ஸ்குவாட் செய்ய இயலாதவர், சோதனை எதைச் சொன்னாலும், முதல் சில மாதங்களை எடைப் பயிற்சிக்கே ஒதுக்குவது நல்லது. அக்காலத்தில் உயரமான பெட்டியைத் தவிர்த்து, கயிறு தாண்டுதல், தாழ்வான துள்ளல்கள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.