கண்ணின் கீழ் போட்ட ஃபில்லரைக் கரைத்த அனுபவம்

கண்ணுக்குக் கீழிருந்த பள்ளத்தை நிரப்புவதற்காக ஓர் அழகுசிகிச்சை நிலையத்தில் ஹயலூரோனிக் அமில ஃபில்லர் (தோலுக்கடியில் ஊசியால் செலுத்தும் கூழ்) போட்டுக்கொண்ட எனக்கு, மூன்று மாதம் கழிந்த பின்னரும் காலையில் எழுந்ததும் இரு பக்கமும் வீக்கமும், இடது கண்ணின் கீழே பேனாவால் இழுத்தது போன்ற நீலக் கோடும் இருந்தன. காசு கொடுத்து வாங்கிய கருவளையம் என்று வீட்டில் கேலி வேறு.

இதைச் சரிசெய்ய நான் நாடிய தோல் மருத்துவர் எடுத்த எடுப்பில் ஊசியைத் தொடவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, சிறு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தவர், ஃபில்லர் தோலுக்கு மிக அருகில் தங்கிவிட்டதால் ஒளி சிதறி நீலமாகத் தெரிகிறது என்றும், இதை டிண்டால் விளைவு என்பார்கள் என்றும், இதன் மேல் இன்னும் நிரப்பினால் வீக்கம்தான் கூடும் என்றும் பொறுமையாக விளக்கினார். ஹயலூரோனிடேஸ் என்னும் நொதியைச் செலுத்திக் கரைப்பதே வழி என்று சொல்லி, தேனீயோ குளவியோ கொட்டி ஒவ்வாமை வந்ததுண்டா என விசாரித்து, முன்கையில் பரிசோதனை ஊசி போட்டுக் காத்திருக்கவைத்த பிறகே தொடங்கினார். சொந்தக் கொழுப்பை எடுத்து நிரப்பிக்கொண்டவர்களுக்கு இந்த நொதி உதவாது என்பதையும் அவரே சொன்னார்.

ஊசி நன்றாகவே எரிந்தது. இரண்டே நாளில் நீலம் மறைந்தது. மிச்சமிருந்த சிறு கட்டிக்கு இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போட வேண்டியிருந்தது. பழைய பள்ளம் திரும்பிவிட்டது, அதை முன்கூட்டியே எச்சரித்திருந்தார். ஒன்றரை மணி நேரக் காத்திருப்பும், கட்டண விவரத்தை எழுத்தில் தராததும் குறைகளே. ஆயினும் மறுபடி போவதென்றால் இந்தத் தோல் மருத்துவரிடம்தான் போவேன்.