இந்தியாவில் சட்டப் படிப்பு: 3 ஆண்டா, 5 ஆண்டா?

சிங்கப்பூரில் வழக்கறிஞராக விரும்பினால் இரண்டுமே உதவாது. இங்கு அங்கீகரிக்கப்பட்ட வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டியலில் இந்தியப் பல்கலைக்கழகங்கள் இல்லை. இந்தியாவில் வாதாடப் பதிவுசெய்ய, பொதுவாக இந்தியக் குடியுரிமை வேண்டும். ஆகவே இந்த ஒப்பீடு, இந்தியக் கடப்பிதழோடு இங்கு வாழ்ந்து, பிள்ளையை ஊருக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு.

காலம்
3 ஆண்டு: முதலில் ஒரு பட்டம், ஆக மொத்தம் குறைந்தது 6 ஆண்டு.
5 ஆண்டு: பள்ளி முடித்ததும் சேரலாம்.

நுழைவு
5 ஆண்டு: பெரும்பாலான தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் (CLAT) எனும் பொது நுழைவுத் தேர்வு. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் 3 ஆண்டு, 5 ஆண்டு இரண்டுக்கும் முந்தைய படிப்பின் மதிப்பெண்தான்.

செய்முறை
வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதி: 3 ஆண்டுக்கு 12 வாரப் பயிற்சி, 5 ஆண்டுக்கு 20 வாரம்.
சட்டக் கல்விச் சீர்திருத்தம் சறுக்குவது இங்கேதான். கவுன்சிலின் 2008 விதிகளின்படி, மனு போன்றவற்றை வரைவெழுதுதல், மாதிரி நீதிமன்றம் இரண்டும் கட்டாயம். ஆனால் பல கல்லூரிகளில் முந்தைய மாணவரின் பதிவேட்டைப் பார்த்தெழுதியே மதிப்பெண் வாங்கிவிடலாம். பயிற்சியும் சான்றிதழோடு நின்றுவிடுகிறது. சேருமுன் இறுதியாண்டு மாணவரிடம் கேளுங்கள்: வழக்குக் கட்டைப் படித்து, ஒரு மனுவாவது தானே வரைந்தாரா?

படிப்பு முடிந்தபின், இந்தியாவில் வாதாடத் தேவையான அகில இந்திய பார் தேர்வு இருவருக்கும் உண்டு.

கணக்கியல், பொறியியல் முடித்தவருக்கு 3 ஆண்டு போதும். வரி, காப்புரிமை வழக்குகளில் முதல் பட்டம் கைகொடுக்கும். பள்ளியிலேயே சட்டம்தான் என்று முடிவெடுத்தவருக்கு 5 ஆண்டே நல்லது.