வெளிப்படையாகவா, சங்கேதமாகவா? ஃபெராரி கொடுத்த இரண்டு அணி உத்தரவுகள்

ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் ஓர் அணிக்கு இரு ஓட்டுநர்கள். ஒருவர் மற்றவருக்கு வழிவிட வேண்டும் என்று அணியே சொல்வதுதான் அணி உத்தரவு.

செய்த விதம்
2002 ஆஸ்திரியா: கடைசிச் சுற்றில், முடிவுக்கோட்டருகே எல்லோர் கண்ணெதிரிலும் முன்னிலையில் இருந்த பாரிச்செல்லோ வேகம் குறைத்து அணித் தோழர் ஷூமாக்கருக்கு வழிவிட்டார்.
2010 ஹாக்கன்ஹைம் (ஜெர்மனி): "ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகமாக இருக்கிறார்" என்று மாஸாவுக்கு ரேடியோவில் தகவல். சற்று நேரத்தில் அணித் தோழர் ஃபெர்னாண்டோ அலோன்சோ முன்னால்.

அபராதம்
2002-இல் பரிசளிப்பு மேடை நெறிமுறையை மீறியதற்கு 10 லட்சம் டாலர். 2010-இல், அப்போது தடை இருந்ததால், உத்தரவுக்கே 1 லட்சம் டாலர்.

பலன்
ஷூமாக்கர் 67 புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்றார். அந்த உத்தரவு தேவையே இல்லை, பாரிச்செல்லோவுக்குச் செய்த அநியாயம். அலோன்சோ 4 புள்ளியில் பட்டத்தை இழந்தார். அவருக்கு ஒவ்வொரு புள்ளியும் முக்கியம்.

நம்பிக்கை
முதலாவது கோபத்தைக் கிளப்பியது. இரண்டாவது சந்தேகத்தை விதைத்தது, அதுதான் மோசம்.

2011 முதல் அணி உத்தரவுகளுக்குத் தடையும் இல்லை. பட்டப் போட்டி இறுகிய கடைசிப் பந்தயங்களில் வெளிப்படையாகச் சொல்லலாம். சீசன் தொடக்கத்தில் இருவரையும் மோதவிடுங்கள்.